மாடிக் கத்தரியும் மண்ணின் கடனும்

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் சொலவடை ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று மூன்று இல்லாமைகளை அடுக்கி, முடிவில் ஒரு பெருமூச்சையும் சேர்த்து விடுவார்கள். விஜயநகர காலத்தில் எழுந்த அந்தக் கற்கோட்டையில் ராஜா இல்லாமற்போனதற்காக இன்று வருந்துவார் யாருமில்லை. ஆனால் கோட்டைக்குள்ளிருக்கும் ஜலகண்டேஸ்வரர் ஆலயம், கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் நுழைந்து திரும்பும் வெறும் கட்டடமாக, கருவறையில் விளக்கின்றிப் பல தலைமுறைக் காலம் கிடந்தது. சத்துவாச்சாரியில் வைத்துப் பூசிக்கப்பட்டு வந்த லிங்கத் திருமேனியை 1981 மார்ச் மாதத்தில் ஊரார் கூடிக் கோட்டைக்குள் எழுந்தருளச் செய்த அன்று, சாசுவதம் என்று எல்லோரும் நம்பியிருந்த ஓர் இல்லாமை இல்லாமற் போயிற்று. நீர் சூழ்ந்த இடத்தில் உறையும் ஈசன் என்பது அத்திருநாமத்தின் பொருள். ஈசன் வந்துவிட்டான்; மூன்றாவது இல்லாமை மட்டும் இன்னும் நிற்கிறது.

நந்திமலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திரத்தின் ஒரு கோடியையும் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், ஆற்காடு என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு வயலூரருகே கடலில் சேரும் பாலாறு, வருஷம் முழுவதும் இருகரையும் நிறைந்து ஓடிய நதியன்று. அது மணலுக்கடியில் ஓடும் ஆறு. மேலே வெண்மணல் காய்ந்து கிடக்க, கையால் பறித்தால் ஊற்றுக் கண் திறக்கும். அந்த ஊற்றுகளை ஒன்று சேர்த்து ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோன உழவர்களின் சாமர்த்தியத்தால்தான் இந்தச் சீமையில் நெல்லும் தென்னையும் மல்லிகையும் விளைந்தன. பள்ளிகொண்டாவில் ரங்கநாதர் இதன் கரையில்தான் சயனித்திருக்கிறார். ஆற்காடு என்னும் பெயர், இக்கரையில் ரிஷிகள் தவமிருந்த ஆறு காடுகளைக் குறிப்பதென்று சொல்லும் ஸ்தல மரபு ஒன்றும் உண்டு. 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியில் இருநூறுக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போனது. அதன் நினைவுத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 2021 நவம்பரில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் புரண்டு வந்தபோது, ஆற்றில் தண்ணீரைக் கண்டே அறியாத பிள்ளைகள் பாலங்களின் மேல் நின்று பார்த்தார்கள். ஆகவே ஆறு இறந்துவிட்டது என்று சொல்வது சரியாகாது. அதை நாம் என்ன செய்துவிட்டோம் என்பதும், இனி அதற்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுமே கேள்வி.

இந்தக் கேள்வியை நான் முதலில் எந்தச் சாஸ்திரத்திலும் சந்திக்கவில்லை. ஆம்பூரில் ஒரு மொட்டை மாடியில் சந்தித்தேன். சென்ற பங்குனியில் ஒரு மாலை, நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது, காற்றுக்காக மாடிக்கு ஏறினோம். பின்பகுதியில் குடியிருக்கும் ஓர் அம்மாள், ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியவர், முகம்கூடக் கழுவாமல் கையில் ஒரு குண்டானோடு மேலே வந்தார். பழைய பெயிண்ட் டப்பாக்கள் ஏழெட்டு வரிசையாக இருந்தன. அவற்றில் முள்ளுக் கத்தரிச் செடிகள். தாய்வீடு இலவம்பாடிப் பக்கமாம், விதை அங்கிருந்து வந்ததாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே கத்தரிதான். காம்பெல்லாம் முள்ளிருந்தாலும் உள்ளே வெண்ணெய்போல் வேகும் சாதி. டப்பாக்களில் இரண்டின் விளிம்பில் மட்டும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தேய்த்தேன், உப்பு. அந்த இரண்டு செடிகளின் இலையோரங்கள் நெருப்பில் காட்டியதுபோல் பழுப்பாகச் சுருண்டிருந்தன.

“போர் தண்ணி ஊத்தினா இப்படித்தாங்க ஐயா, ஓரமெல்லாம் கருகிடுது” என்றார் அவர். “காவேரித் தண்ணி வர்ற அன்னிக்கு அரிசி கழுவினதை எடுத்து வச்சி மத்ததுக்கு ஊத்தறேன். அதுங்க பாருங்க, நல்லா கீது.”

மேட்டூருக்குக் கீழிருந்து குழாய் வழியாக மலைகளைச் சுற்றிக்கொண்டு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பற்றி அவர் சொன்னார். பாலாற்றங்கரையில் பிறந்த கத்தரிச்செடி, பாலாற்று நிலத்தடி நீரைக் குடித்தால் கருகுகிறது; சோற்றரிசியைக் கழுவிய காவிரி நீரைக் குடித்தால் காய்க்கிறது. அந்தக் குண்டானிலிருந்த கழுநீரைக் கண்டபோது, பாவத்துக்குப் பரிகாரம் என்பதற்குத் தமிழில் கழுவாய் என்று ஒரு சொல் இருப்பது எனக்கு நினைவு வந்தது. நகரத்துக்குள் பயிர் செய்வது மண்ணை விட்டு ஓடும் தந்திரமா, அல்லது மண்ணிடம் திரும்பும் வழியா? கெட்ட நிலத்தைக் கைவிட்டு மாடியில் ஒரு புது நிலத்தைக் கற்பித்துக்கொள்வது தர்மமாகுமா?

நகர வேளாண்மையைப் பற்றி இப்போது உலகெங்கும் பேசுகிறார்கள். சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபோது எண்ணெயும் உரமும் வந்துகொண்டிருந்த வழி அடைபட்ட கூபா நாட்டில், ஹவானா நகரத்தார் காலி மனைகளில் மேடைப் பாத்திகள் கட்டி, மட்கு உரத்தை நிரப்பிக் காய்கறி விளைத்துப் பசி தீர்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் மண்ணே இல்லாமல், உரம் கலந்த நீரில் வேர்களை நனைத்து, அடுக்கடுக்கான சட்டங்களில் கீரை வளர்க்கிறார்கள். நம் ராஜ்ய சர்க்காரின் தோட்டக்கலைத் துறையும் வளர்ப்புப் பைகளையும் தென்னை நார்க்கழிவையும் விதைகளையும் மானிய விலையில் மாடித் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்து வருகிறது. ஓசூர்ப் பக்கத்துக் குளிர்ந்த பீடபூமியில் பாலிதீன் பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் விளைகின்றன. வேலூரின் கத்திரி வெயிலுக்குப் பாலிதீன் கூரை உதவாது, உள்ளே செடி வெந்துவிடும். இங்கே நிழல்வலைக் குடிலே உகந்தது. இவையெல்லாம் உபாயங்கள்; நல்ல உபாயங்கள். ஆனால் உபாயம் எப்போது அனுஷ்டானமாகிறது என்பதை உபாயம் தானே சொல்லாது.

அன்னத்தைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த அபிப்பிராயம் மிக உயர்ந்தது. தைத்திரீய உபநிஷத்தில் பிருகு என்னும் மகன் தன் தந்தை வருணனிடம் பிரம்மம் எது என்று கேட்டுத் தவம் செய்யும்போது, அவனுக்கு முதன்முதலில் தோன்றும் விடை அன்னமே பிரம்மம் என்பது. பிராணனையும் மனத்தையும் அறிவையும் கடந்து ஆனந்தம் வரையில் அவன் ஏறிச் சென்ற பிறகும், அந்த உபநிஷத்து அன்னத்தை விட்டுவிடாமல் திரும்பி வந்து, அதை இகழாதிருப்பதையும் பெருகச் செய்வதையும் விரதங்களாக விதிக்கிறது. ஞானத்தின் உச்சிக்குப் போனவனுக்கும் சோற்றுப் பானையே முதற்படி என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல் வேறு இருக்குமா என்பது சந்தேகம். கீதையின் மூன்றாம் அத்தியாயம் அன்னம், மழை, வேள்வி, செயல் என்று ஒரு சக்கரத்தைக் காட்டி, வாங்கியதைத் திருப்பிக் கொடாமல் உண்பவனைத் திருடன் என்றே தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உணவைப் பெருக்குவது ஒரு விரதம். ஆனால் எடுத்த இடத்தில் திருப்பி வையாமல் பெருக்குவது அந்த விரதத்தில் சேராது. மாடியில் கீரை விளைந்துவிட்டதனாலேயே அது புண்ணியமாகிவிடாது. அந்தக் கீரைக்கு நீர் எங்கிருந்து வந்தது, அந்த நீர் வந்த இடத்துக்கு என்ன திரும்பியது என்பதையும் கேட்க வேண்டும்.

கேட்கும்போது கணக்கு விரிகிறது. இந்தப் பாலாற்றங்கரை ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட நாட்களில் தோல்ஷாப்புக் கழிவு நாற்றமடித்தாலும், மண் அதை ஒருவாறு செரித்துக்கொண்டது. 1970-களில், பாதி பதனிட்ட தோலாக அனுப்பாமல் முற்றுப்பெற்ற சரக்காகவே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசின் கொள்கை மாறி, குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியபோது கதை வேறாயிற்று. பச்சைத் தோல் கெடாமலிருக்க ஏற்றிய உப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பும் சல்ஃபைடும், பெரிய மர டிரம்முகளில் சுழலும் குரோமிய உப்பு, பிறகு சாயம் ஆகிய எல்லாம் ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் என்ற கணக்கில் நீரோடு சேர்ந்து, வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போயின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளம் என்று சட்டக் கல்லூரிகளில் போதிக்கப்படுகிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டபடி தோல் பதனிடும் பகுதிகளில் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு பதிந்து வைத்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அதில் நிலைநாட்டப்பட்ட நியாயம். அந்த ஈடு இரண்டு கூறுடையது என்பதைப் பலர் கவனிப்பதில்லை: இழந்த மனிதருக்குப் பணம் என்பது ஒன்று, கெட்ட இயற்கையை மீட்கும் செலவு என்பது மற்றொன்று.

முதற்கூறு எப்படி நிறைவேறிற்று? இழப்பைக் கணக்கிட அமைந்த ஆணையம் 2001 மார்ச்சு 7 அன்று 29,193 குடும்பங்களுக்கு ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாயைச் சற்றே தாண்டும். ஒரு தென்னந்தோப்பு உப்பேறி நெற்று உதிர்ந்து குருத்துக் காய்ந்து நின்றதற்கும், கிணற்றில் இறங்கிய மாட்டின் காலில் புண் கண்டதற்கும், பெண் கொடுக்க வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதற்கும் அதுவே விலை. அந்தப் பணமும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, எஞ்சியவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுத்துத் தீர்க்கவும், ஆற்றையும் நிலத்தையும் சீர்செய்வதை ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு மேற்பார்க்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பின்போது தொட்டிலில் கிடந்த குழந்தை இப்போது தன் குழந்தையைத் தொட்டிலிலிட்டு ஆட்டிக்கொண்டிருக்கும்.

ஈடு வேறு, கழுவாய் வேறு. ஈடு பணத்தால் ஆகும். கழுவாய், செய்தவன் தன் நடையை மாற்றிக்கொண்டு, கெட்டதைத் தன் கையால் துலக்கினால்தான் ஆகும். நீதிமன்றம் ஈட்டை விதிக்கலாம். கழுவாயை விதிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை, அது மனசாட்சியின் அதிகார எல்லை. தோல் கழிவு நீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்த்து, சவ்வுகள் வழியே வடித்து, நல்ல நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்கும் ஏற்பாடு இப்பகுதியில் வந்துவிட்டது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகேடு. ஆயினும் அந்த உப்பு என்னவாகிறது? பல ரசாயனம் கலந்த உப்பாகையால் சமையலுக்கும் ஆகாது, வேறு தொழிலுக்கும் எளிதில் ஆகாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கிறது. தோல் கப்பலேறி ஐரோப்பாவில் பாதரட்சையாகிறது, உப்பு மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. வினையின் எச்சம் செய்த இடத்திலேயே பலனுக்குக் காத்திருக்கும் என்று நம் பெரியோர் சொன்னதற்கு இதைவிடப் பிரத்தியட்ச சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று விடியுமுன், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து விழுந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பிழைக்க வந்த அவர்கள் எந்தப் பாவத்தில் பங்காளிகள்?

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தோல் தொழிலையே தீட்டான தொழில் என்று ஒதுக்கும் பழைய மனப்பான்மை, சுற்றுச்சூழல் என்னும் புது வேஷத்தில் உள்ளே வந்துவிடக் கூடாது. இந்தப் பிரதேசத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது தோலினால்தான். கருகிய இலையைக் கிள்ளியெறிந்த அந்த அம்மாளுடைய பிள்ளைகள் படிப்பதும் தோலினால்தான். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் நாயனாரை எண்ணிப் பாருங்கள். ஆலயத்துப் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கிற்று. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகி அவருக்குத் தரிசனம் கிடைத்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அதன்பின் அவர் செய்த காரியத்தைச் சொல்வோர் குறைவு: அவ்வூரில் பள்ளமாகக் கிடந்த ஓரிடத்தைக் கண்டு, அதைத் தோண்டிக் குளமாக்கிவிட்டுத்தான் ஊர் திரும்பினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தோல் கொடுத்த கையே நீருக்கும் வழி செய்தது. அவர் யாருக்கும் கடன்பட்டவரல்லர்; உலகமே அவருக்குக் கடன்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மண்வெட்டியை எடுத்தார். பாலாற்றங்கரைக்கு ஒரு நாயனார் வேண்டுமென்றால் அவரை நான் சொல்வேன்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இந்தத் தொழிலை வளர்த்தவர்களில் இஸ்லாமியர் மிகப் பலர். அவர்களுடைய தர்மகாரியங்கள் சாமானியமானவை அல்ல. தோல் வணிகர் காகா முகம்மது உமர் 1924-இல் ஆம்பூருக்கருகே நிறுவிய ஜாமியா தாருஸ்ஸலாம் என்னும் கல்வி நிலையத்தினால் அந்த இடமே உமராபாத் என்று பெயர் பெற்றது. மரம் நட்டவனுடைய கனியைப் பறவை தின்றாலும் விலங்கு தின்றாலும் அது அவன் செய்த சதக்காவாக, அதாவது தர்மமாக, எழுதப்படும் என்பது நபிகளாரின் போதனை. பூமி மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்பது அம்மார்க்கத்தார் மனத்தில் ஊறிய எண்ணம். இன்னொரு விதியும் அங்கே உண்டு. அது என் சிந்தனையை வெகுவாகப் பாதித்தது. ஒருவன் இறந்தால் அவன் சொத்தைப் பங்கிடுமுன் அவன் பட்ட கடனை அடைத்தாக வேண்டும். நம் தர்மசாஸ்திரங்களும் ருணத்தைத் தீர்க்காதவனுக்கு மோட்ச மார்க்கத்தில் அடியெடுத்து வைக்கத் தகுதியில்லை என்றே வைத்தன. கடன் முன், கொடை பின் என்பதில் இரு மரபுக்கும் பேதமில்லை. அப்படியானால் மாடித் தோட்டமும் பசுமைக்குடிலும் கடனைச் சேர்ந்தவையா, கொடையைச் சேர்ந்தவையா? கீழே நிலம் உப்பேறிக் கிடக்க, அதை மறப்பதற்காக மேலே ஒரு பச்சைத் திரை கட்டினால், அது கடனை மறைத்துச் செய்த தானம். கீழேயுள்ள நிலத்துக்கும் ஒரு பங்கு இறக்கிவிட்டு மேலே விளைத்தால், அது கடன் தீர்க்கும் முதல் தவணை.

இந்தப் பேதத்தைக் கல்கத்தா நகரம் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுகிறது. அந்நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில், நகரத்துச் சாக்கடை நீரை வெயிலும் பாசியும் கொண்டு தெளிவித்து மீன் வளர்த்து, பழைய குப்பை மேட்டு நிலமாகிய தாபாவில் காய்கறி விளைத்து, அதை மறுபடி நகரத்துக்கே அனுப்பும் ஏழை மீனவரும் உழவரும் இருக்கிறார்கள். துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் தம் வாழ்நாளை அதற்கே செலவிட்டு உலகத்துக்கு அதன் பெருமையை எடுத்துக்காட்ட, 2002-இல் அது ராம்சார் ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது. நகரம் உண்டதை மண்ணுக்குக் கொடுக்கிறது. மண் அதை உணவாக்கித் திருப்புகிறது. கீதை சொன்ன சக்கரம் சாக்கடையிலும் சுழல்கிறது. அதே கல்கத்தாவின் தோல் கூடங்கள், நீதிமன்ற உத்தரவின்பேரில் நகருக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்டு, பான்தலாவில், அந்தச் சதுப்பு நிலத்துக்கு அருகிலேயே வந்து அமர்ந்தன. மலமும் சாணமும் குப்பையும் எந்த மண்ணிலும் செரிக்கும், குரோமியம் செரிக்காது. ஆகையால் திருப்பிக் கொடுத்தல் என்பதில், எதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதே தர்மத்தின் நுட்பமான இடம்.

நம் மாடித் தோட்டக்காரர்கள் இங்கே மிகுந்த ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கோ வாரிய ஆற்று வண்டலையோ, தோல்ஷாப்பு அருகே கிடக்கும் கறுத்த மண்ணையோ வளர்ப்புப் பையில் நிரப்பிக் குழந்தைக்குக் கீரை விளைப்பது, அறியாமல் செய்தாலும் ஹிம்சையே. மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு கைப்பிடி மண்ணையும் ஒரு சீசா நீரையும் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பூமி பூஜையின் முதல் அங்கமாக நான் வைப்பேன். வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசியாற்றுதலே ஜீவகாருண்யத்தின் தலைவாசல் என்று கண்ட அந்த மகான், பயிரின் துன்பத்தையும் உயிரின் துன்பமாகவே உணர்ந்தவர். இலையோரம் கருகிய கத்தரியை அவர் பார்த்திருந்தால், உரம் எது என்று கேட்டிருக்கமாட்டார். அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்றே கேட்டிருப்பார்.

நிலத்தை மீட்க முடியாது என்று சொல்கிறவர்களுக்குப் பதில் வேலூர் ஜில்லாவிலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து கண்ணமங்கலத்து வழியாக வரும் நாகநதி வறண்டு மணலாகிக் கிடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், நூறு நாள் வேலைத் திட்டத்துக் கூலிக்கு, வெயிலில் நின்று உறைகிணறு இறக்கியும் தடுப்பணை கட்டியும் மழைநீரை மண்ணுக்குள் அனுப்பினார்கள். சில வருஷங்களில் கிணறுகளில் நீர் ஏறிற்று. தபஸ் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பாலாற்றின் நோய் நாகநதியின் நோயைவிடக் கொடியது. அது வறட்சி மட்டுமன்று, விஷம். உப்பேறிய நிலத்தடி நீரின் கடுமையைக் குறைக்க மேலிருந்து இறங்கும் நல்ல நீரைப்போல் உதவும் மருந்து வேறில்லை; அந்த நல்ல நீர் நம் தலைக்கு நேர்மேலே வந்து விழுகிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,360 லிட்டர். ஆம்பூரிலும் வேலூரிலும் எத்தனை ஆயிரம் மாடிகள்! மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். வீட்டு வரைபடத்தில் அது இருக்கிறது. பல வீடுகளில் குழாய் பாதிச் சுவரிலேயே உடைந்து நின்று, மழை தெருவில் ஓடிச் சாக்கடையில் கலக்கிறது.

ஆகவே மாடியை விளைநிலம் என்று மட்டும் நினைப்பது பாதி உண்மை. அது முதலில் நீர்ப்பிடிப்பு, பிறகுதான் தோட்டம். அதில் விழும் மழையில் ஒரு பங்கு தொட்டியில் தங்கிச் செடியை வளர்க்கட்டும். பெரும்பங்கு கிணற்றுக்குள் இறங்கி, நாம் கெடுத்த நீரோடு கலந்து, சொட்டுச் சொட்டாக அதன் உப்பைத் தணிக்கட்டும். ஒரு வீட்டாரால் ஆறு தெளிந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். தொழிற்சாலைகள் தங்கள் பங்கைச் செய்யாமல், சர்க்கார் நீதிமன்ற உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றாமல், மாடிகள் மட்டும் நதியை மீட்டுவிடா. ஆனால் ருணம் என்பது வென்றால்தான் தீர்க்க வேண்டும் என்று விதித்ததன்று. பட்டவன் தீர்த்தாக வேண்டும். தோல் செருப்பு அணிந்த கால்கள் எல்லாவற்றுக்கும், என் கால்களுக்கும், அதில் பங்குண்டு.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் நாளிருக்கிறது. பாலாற்றங்கரை ஊர்களில் மாடி வைத்திருக்கும் அன்பர்களே, நிழல்வலையும் வளர்ப்புப் பையும் வாங்கப் புறப்படுமுன், உங்கள் வீட்டு மழைக்குழாய் எங்கே போய் முடிகிறதென்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள். உடைந்திருந்தால் ஒட்டி, தூர்ந்திருந்தால் தூர்வாரி, அதைக் கிணற்றுக்குள் இறக்குங்கள். விதையை அதற்குப் பிறகு போடுங்கள்.